தம்பதியர் அல்லது உடன்பிறந்தோர்

வயதானவர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு கட்டித் தருவதுதான் இருபத்தாறு வருடமாக என் வேலை. கட்டித் தருவது என்றால் செங்கல் அடுக்குவது இல்லை. நிலம் தேடுவது, அந்த நிலத்தைச் சுற்றி இருப்பவர்களிடம் திட்டு வாங்குவது, வீட்டு வசதித் துறையின் படிகளில் ஏறி இறங்குவது, காண்ட்ராக்டரோடு மல்லுக்கட்டுவது, கடைசியில் யாருக்கு எந்த வீடு என்று பட்டியல் போடுவது. ஐந்து கட்டிடங்களை முடித்திருக்கிறேன். இது ஆறாவது. மூடிக் கிடந்த ஒரு ஐஸ் பேக்டரி நிலத்தில் நாலு மாடி, நாற்பத்தெட்டு வீடுகள். நிலம் கைக்கு வந்த நாளிலிருந்து கடைசிக் கோட்டுப் பெயிண்ட் காயும்வரை ஏழு வருடம் ஓடிவிட்டது. அதில் இரண்டு வருடம் அந்தத் தெருக்காரர்கள் எங்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். 'எந்நேரமும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும், குழந்தைகள் பயப்படுவார்கள்' என்று மனுவில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேருக்கு என்னைவிட வயது அதிகம்.

எனக்கு ஐம்பத்தெட்டு. முழங்கால் இரண்டும் போய்விட்டன. மாடிப்படியில் நடுவில் ஒரு தரமாவது உட்கார்ந்துகொள்வேன். யாராவது பார்த்தால், படியின் உயரத்தைச் சரிபார்க்கிறேன் என்பேன்.

"ஊருக்கெல்லாம் வீடு கட்டுற. நம்ம வீட்டு பாத்ரூம் கதவு ஆறு மாசமா மூட மாட்டேங்குது" என்பார் என் வீட்டுக்காரர். மீட்டர் ரீடராக இருந்து ஓய்வு பெற்றவர். சமையல், கரண்ட் பில், என்னைக் கிண்டல் செய்வது, மூன்றும் அவர் பொறுப்பு. நான் பதில் சொல்வதில்லை. சொல்லத் தெம்பில்லை என்பதுதான் உண்மை.

சாவி கொடுக்கும் நாளுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. கோடு போட்ட தாள், குண்டு குண்டான எழுத்து. '207-ஆம் வீட்டுக்கு வரப்போகிறவர்கள் அக்கா தங்கை கிடையாது. விசாரிக்கவும்.' அவ்வளவுதான்.

அதை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தவர் முத்திரை. ஒதுக்கீட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். அலுவலக முத்திரையை இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார், சாப்பிடப் போகும்போதுகூட சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். அதனால் அந்தப் பெயர்.

"மேடம், விதி எட்டு" என்றார். "ஒரு வீட்டில் இருவர் குடியிருப்பின், அவர்கள் தம்பதியர் அல்லது உடன்பிறந்தோராக..."

"எனக்கே படிச்சுக் காட்டாதீங்க. எழுதினதே நான்தான்."

உண்மைதான். முதல் கட்டிடத்தில் ஒருவர் தன் மாமா என்று சொல்லி ஒரு கிழவரைக் குடிவைத்து, மாதம் திரும்புவதற்குள் அந்தக் கிழவரைச் சமையலறையில் படுக்க வைத்துவிட்டு வேறு நான்கு பேரிடம் வாடகை வாங்கிக்கொண்டிருந்தார். அந்த ஆத்திரத்தில் உட்கார்ந்து எழுதிய விதி. துறைக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்த் தன் நிபந்தனைகளிலேயே சேர்த்துக்கொண்டது. இனி நானே நினைத்தாலும் மாற்ற முடியாது.

"பேரை எடுத்துட்டு அடுத்த ஆளைக் கூப்பிடலாமா?" என்றார் முத்திரை.

"போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

அவர்கள் இருந்தது ஒரு டயர் கடை மாடியில். வெளிப்பக்கமாக இரும்புப் படி, பத்தொன்பது. பதினோராவது படியில் உட்கார்ந்தேன். மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "ஏறி வாங்க, ஏறி வாங்க, உள்ள எடம் இருக்கு!"

அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர் என்பது விண்ணப்பத்திலேயே இருந்தது. அறுபத்தாறு வயது. குட்டையான, அகலமான உருவம், இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடப்பார். அந்தக் குரல் கடைசி சீட்டில் தூங்குகிறவரையும் எழுப்பிவிடும். அறைக்குள் ஜன்னலோரம் தையல் மெஷின் முன்னால் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். எழுபத்தொன்று. ஒல்லியாக, உயரமாக, ரெடிமேட் துணி பேக்டரியில் முப்பது வருடம் காலர் தைத்தவர். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் காலால் மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஒரு கட்டில், சுருட்டி வைத்த ஒரு பாய், ஒரு அடுப்பு, ஒரு டிவி. இரண்டு பேருடைய துணியும் ஒரே கொடியில். நடக்க வேண்டுமென்றால் ஒருவர் உட்கார வேண்டும்.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். கடிதத்தையும் காட்டினேன். மெஷின் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி கேட்டது. கண்டக்டரம்மா கடிதத்தை வாங்கிக் கையை நீட்டி எட்டப் பிடித்துப் படித்தார்.

"எந்தப் புண்ணியவான் எழுதினானோ, ஆனா பொய் எழுதல. நாங்க அக்கா தங்கச்சி இல்லதான் மேடம். சக்களத்திங்க. உங்க ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லையே, நான் என்ன பண்ணட்டும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். தையல்காரம்மா சிரிக்கவில்லை.

பிறகு கதையைச் சொன்னார். இரண்டு பேருக்கும் புருஷன் ஒரே லாரி டிரைவர். "மாசத்துல பத்து நாள் எங்கிட்ட, பத்து நாள் இந்த அக்காகிட்ட. மிச்ச நாள் மட்டும்தான் லாரி ஓட்டியிருக்கான். ரெண்டு பேர்கிட்டயும் லோடு எடுக்கப் போறேன்னு ஒரே பொய். வேற பொய்கூட யோசிக்கல பாருங்க, அவ்வளவு சோம்பேறி." அவன் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நர்ஸ் வெளியே வந்து, இவர் சம்சாரம் யாரு என்று கேட்டிருக்கிறார். நான்தான் என்று இரண்டு குரல் வந்திருக்கிறது. "நர்ஸம்மா அவன் மூஞ்சியத் திரும்பிப் பாத்தாங்க. அவன் கண்ண மூடிக்கிட்டான். அப்புறம் தெறக்கவே இல்ல."

அதன்பிறகு இரண்டு வருடம் எங்கே பார்த்தாலும் சண்டை. ஒருநாள் கண்டக்டரம்மா பஸ் படியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடந்தார். தையல்காரம்மா வந்திருக்கிறார். "பாக்க வரல மேடம், நல்லா வேணும்னு சொல்லத்தான் வந்தா. சொல்லிட்டா. சொல்லிட்டு, கெடந்த பாத்திரத்தையெல்லாம் கழுவி வச்சிட்டுப் போனா. மறுநாளும் வந்தா." அப்படியே ஒரே அறைக்கு வந்துவிட்டார்கள். பத்தொன்பது வருடம். ஒருவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது இன்னொருவர் மூன்று மாதம் கையைப் பிடித்து நடத்திப் போயிருக்கிறார்.

"கூடப் பொறந்தவங்க யாராவது இப்படி இருப்பாங்களா, சொல்லுங்க?"

எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை கொடுத்தார்கள், இரண்டு நாளைக்கு. முதல் நாள் சாயங்காலமே நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டேன். விதி எட்டின்படி நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் குடியேற முழுத் தகுதி உள்ளவர்கள்.

தையல்காரம்மா அன்று கேட்டது இரண்டே கேள்விதான். "இப்போ என்ன ஆகும்?"

"பேரை எடுத்துட்டா, தனித்தனியா எழுதிக் கொடுக்கலாம்மா. ஆனா காத்திருக்கிற வரிசையில கடைசிலதான் சேரும்."

"எத்தனை பேருக்கு அப்புறம்?"

"ஐநூத்தி அறுபத்து மூணு."

மெஷின் நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். "கவலைப்படாதீங்க, நான் ஏதாவது பண்ணிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கீழே இறங்கும்போதே என்னை நொந்துகொண்டேன். விதியில் ஒரு வரி சேர்க்கத் துறையின் குழு கூட வேண்டும். குழு கூட இணை இயக்குநர் குறிப்பு எழுத வேண்டும். அவர் குறிப்பு எழுத நான் அவர் அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். அந்த நாற்காலியில் மட்டும் என் ஆயுளில் ஒரு வருடம் போயிருக்கும்.

முத்திரை எதிர்ப்பார் என்று நினைத்தேன். அவர் நேராகப் பழைய கோப்பு அறைக்குள் போனார். மத்தியானம் உடம்பெல்லாம் தூசியோடு ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். ஐந்து கட்டிடங்களிலும் இதே விதியால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். ஒன்பது ஜோடி.

"இதெல்லாம் நாமளா?"

"நாமதான் மேடம். முத்திரை என்னது, கையெழுத்து உங்களுது."

நாலாவது வரியில் இருந்தவர்களை எனக்கு ஞாபகம் இருந்தது. அச்சுக் கோப்பவர்களாக வேலை பார்த்த இரண்டு சிநேகிதர்கள். ஒருவருக்குக் காது கேட்காது, மற்றவர் அவருக்காகச் சத்தம் போட்டுப் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தார். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர்களிடம் நான் விதியைப் படித்துக் காட்டினேன். அந்த மனிதர் அதைத் தன் சிநேகிதரின் காதில் திரும்பச் சொன்னார். இரண்டு பேரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே போனார்கள் என்று தெரியாது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு துறைக்கு ஐந்து தடவை நடந்தேன்.

"ஒரு வரிக்கா மேடம் இத்தனை அலைச்சல்?" என்று கேட்டார் இணை இயக்குநர்.

"அந்த ஒரு வரிதான் சார் எல்லாரையும் வாசல்லயே நிறுத்துது."

அவர் நல்ல மனிதர்தான். ஆனால் குழு முடிவெடுக்கும்வரை முழுப் பட்டியலையும் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார். சாவி கொடுக்கும் நாள் ஒன்பது நாள் தள்ளிப்போனது. நாற்பத்தெட்டு வீட்டாருக்கும் போன் செய்து சொன்னோம். மூட்டை கட்டி வைத்தவர்கள் மூட்டையைப் பிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். பெரும்பாலோர், "பரவால்லம்மா, இத்தனை நாள் இருந்தோம், ஒன்பது நாள்தானே" என்றார்கள். திட்டினவர்களே தேவலாம் என்றிருந்தது.

அந்த ஒன்பதில் ஆறாம் நாள் 112-ஆம் வீட்டுக்காரர் இறந்துபோனார். ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். கட்டிடம் எழும்பிய காலமெல்லாம் தினமும் எதிர் நடைபாதையில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டால், "சாவி வாங்கிட்டுத்தான் வருவேன்" என்பார். அவருடைய தம்பி மகன் ஒதுக்கீட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு லாட்ஜ் அறையில்தான் உயிர் போயிருக்கிறது.

"அவருக்கு ரொம்ப நாளாவே உடம்பு சரியில்ல மேடம். எப்படியும்..." என்று ஆரம்பித்த முத்திரை முடிக்கவில்லை.

அன்று சாயங்காலமே துறையிலிருந்து உத்தரவு வந்தது. 'தம்பதியர், உடன்பிறந்தோர், அல்லது பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஒரே குடும்பமாக வாழ்ந்துவருவோர்.' ஏழு வருடத்தில் எனக்கு முழுசாகக் கிடைத்த ஒரே வெற்றி. அதை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் அன்று கிண்டல் எதுவும் செய்யவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு விளக்கை அணைத்தார்.

மறுநாள் காலையில் தையல்காரம்மா தனியாக அலுவலகத்துக்கு வந்தார். நல்ல செய்தி சொல்லலாம் என்று நான் இழுப்பறையைத் திறந்தேன். அதற்குள் அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அந்தக் கடுதாசி நான்தான் எழுதினேன்" என்றார்.

எனக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்த பிறகும் புரியவில்லை.

"ஏம்மா?"

"பிரிச்சு விட்டீங்கன்னா ஆளுக்கு ஒரு வீடா தருவீங்கன்னு நெனச்சேன். வரிசையில அத்தனை பேர் நிப்பாங்கன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன்."

"ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?"

"சண்டையா? அவகூட யாராலயும் சண்டை போட முடியாது." அவர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். "நல்லவ. என் கண்ணு போயிருக்க வேண்டியது, அவதான் காப்பாத்தினா. ஆனா நாள் முழுக்கப் பேசுவா. நான் திரும்பினா எங்க போறேன்னு கேப்பா, உக்காந்தா என்ன யோசிக்கிறேன்னு கேப்பா. பொறந்த வீட்டுல ஏழு பேர் ஒரு அறையில. கட்டிக்கிட்டு வந்தவன பங்கு போட்டேன், அதுகூட எனக்குத் தெரியாமலே. அப்புறம் இந்த ரூம். எழுபத்தொரு வயசுல ஒரு கதவ நானே உள்ள சாத்திக்கிட்டு ஒருநாள் தூங்கினதில்ல. அதுதான் வேணும்னு இருந்துச்சு. பெரிய தப்பா?"

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு தாளால் ஐந்து நடை, ஒன்பது நாள், ஒரு மனிதர். கடைசியதை மட்டும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவருடைய விரல்களைப் பார்த்தேன். முப்பது வருடம் ஊசி குத்திய விரல்கள். சொல்லவில்லை. தாளை எழுதியது அவர்தான். ஆனால் விதியை எழுதியது யார்?

ஒரு கணம் காலியாகிவிட்ட 112 நினைவுக்கு வந்தது. அது வரிசையில் முதலில் நிற்பவருக்குச் சேர வேண்டியது. முத்திரை ஏற்கெனவே அவருக்குப் போன் செய்துவிட்டார்.

"அவங்ககிட்டயே சொல்லிடலாமேம்மா."

"சொன்னா, வீட்ட எனக்கு விட்டுட்டு அவ அந்த டயர் கடை மாடியிலயே இருந்துடுவா. அந்தக் கால வச்சுக்கிட்டு. அப்படிப்பட்டவ. அதான் என் கஷ்டமே." எழுந்துகொண்டார். "விடுங்க. எங்க கையெழுத்துப் போடணுமோ சொல்லுங்க, போடறேன்."

உத்தரவைக் காட்டினேன். குடியேறும் படிவத்தில் இருவர் பெயருக்கும் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

எங்கள் வீடுகளில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே கதவு கிடையாது. சக்கர நாற்காலி போகும் அகலத்தில் வெறும் திறப்புதான். அன்று மத்தியானம் தச்சரைக் கூப்பிட்டு 207-க்கு மட்டும் ஒரு கதவு வைக்கச் சொன்னேன்.

"எல்லாம் முடிஞ்சு கூட்டிப் பெருக்கின பிறகு சொல்றீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா?" என்றார் தச்சர்.

"நியாயம் இல்ல. நாளன்னைக்குக் காலைல வேணும்."

உள்பக்கம் தாழ்ப்பாளும் கேட்டேன். முதியவர் வீட்டில் உள்தாழ்ப்பாள் கூடாது, உள்ளே விழுந்துவிட்டால் ஆபத்து. ஆகவே வெளியிலிருந்து ஒரு நாணயத்தைச் செருகித் திருகினால் திறக்கிற மாதிரி ஒன்றை அவரே தேடிப் பிடித்தார். திட்டிக்கொண்டேதான்.

சாவி கொடுத்த நாளில் இரண்டு பேரையும் நானே இரண்டாம் மாடிக்கு அழைத்துப் போனேன். லிஃப்டில் ஏறும்போது கண்டக்டரம்மா, "முன்னாடி நகருங்க, முன்னாடி நகருங்க" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். வீட்டுக்குள் நுழைந்து அடுப்பைத் திருகிப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார். அப்புறம் படுக்கையறை முன்னால் நின்றார்.

"பக்கத்து வீட்ட இப்பத்தான் எட்டிப் பாத்தேன். அங்க கதவு இல்லையே மேடம்?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வார்த்தை தேடினேன். தையல்காரம்மா எனக்கு முன்னால் பேசிவிட்டார்.

"நான்தான் கேட்டேன்."

அவர் கேட்டது கதவு இல்லை, தனி வீடு. அது எங்கள் இருவருக்கும்தான் தெரியும். கண்டக்டரம்மா கதவை ஒருமுறை சாத்தினார், திறந்தார். தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார்.

"உள்பக்கம் இருக்கு."

"ஆமா."

"யாரு உள்ள?"

"நான்" என்றார் தையல்காரம்மா.

கண்டக்டரம்மா தாழ்ப்பாளை ஒருமுறை போட்டு, மறுபடி எடுத்தார். பிறகு, "அப்போ டிவி ஹால்ல" என்றார் கண்டக்டரம்மா. குரல் பாதிதான் வந்தது. "இப்பவே போய்ப் படுத்துப் பாரு. சத்தம் கேக்குதான்னு சொல்லு."

தையல்காரம்மா உள்ளே போனார். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் இருவரும் வெளியே நின்றோம்.

"எத்தனை வருஷமா மனசுல வச்சிருந்தாளோ. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல பாருங்க" என்றார். "ஒரு ஸ்டாப் முன்னாடி சொன்னா வண்டிய நிறுத்த மாட்டேனா?"

அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹாலுக்கு இன்னொரு கட்டில் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

மூன்று மாதம் கழித்து, கட்டிடத்தில் குறைகள் இருக்கிறதா என்று பார்க்கும் சுற்றுக்குப் போனேன். இரண்டு இடத்தில் ஈரம், ஒரு இடத்தில் விரிசல். புது விதியில் இன்னும் இரண்டு ஜோடிகள் விண்ணப்பித்திருந்தார்கள். அந்த அச்சுக்கோப்பவர்களுடைய பழைய முகவரிக்கு முத்திரை எழுதிய கடிதம் திரும்பி வந்துவிட்டது.

207-ல் கதவைத் திறந்தவர் கண்டக்டரம்மா. காலை பதினோரு மணி. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

"உடம்பு சரியில்லையா?"

உதட்டில் விரலை வைத்தார். "தூங்குறா. ஒன்பதரைக்குச் சாப்பிட்டா, திரும்பப் போய்ப் படுத்துட்டா. மொதல் மாசம் நான் அழுதேன் மேடம், பொய் சொல்லல. இப்போ பழகிடுச்சு. சாயங்காலம் அவளே வெளிய வந்து பேசறா. முன்ன நான்தான் பேசிட்டே இருப்பேன், அவ என்ன சொல்லுவான்னே எனக்குத் தெரியாது."

இத்தனையையும் அவர் சொன்னது கிசுகிசுப்பாக. சுவரில் ஈரம் இருக்கிறதா என்று நானும் மெதுவாகவே கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். நோட்டில் குறித்துக்கொண்டு, வாசலில் செருப்பைச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.